அப்பாவின் நீரிழிவுக்கும் உடற்பருமனுக்கும் வீட்டாரும் நண்பர்களும் எவ்வாறு துணைநிற்கலாம்?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். அவருடைய தந்தைக்கு வயது 58, உயரம் 168 சென்ரிமீற்றர், நிறை 94 கிலோகிராம். ஒன்பது ஆண்டுகளாக நீரிழிவு. மெற்போமினும் கிளிக்கிளசைட்டும் எடுக்கிறார். புறக்கோட்டையில் ஹாட்வெயர் கடை வைத்திருக்கிறார். வீட்டில் அவருக்கென்று தனிச் சமையல், சீனிப் போத்தல் இருக்கும் அலுமாரிக்குப் பூட்டு, அம்மாவுக்கும் அவருக்கும் இடையே இரவுதோறும் வாக்குவாதம். போன மாதம் சட்டை தோய்க்கும்போது பையிலிருந்து ரோல்ஸ் சுற்றிய எண்ணெய்க் கடதாசி அகப்பட்டிருக்கிறது. வெறும்வயிற்றுச் சீனிப் பரிசோதனையில் 118 என்று ஓரளவு ஒழுங்காக வந்த அதே கிழமையில், எச்பிஏ1சி என்னும் இரத்தப் பரிசோதனை 9.2 வீதம் என்று மிகக் கூடுதலாக வந்திருக்கிறது. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் ஏன் குறையவில்லை, இன்னும் என்ன செய்ய வேண்டும், அப்பாவின் நண்பர்களிடம் சொல்லலாமா என்பவையே அவர் கேட்பவை.

அரச வைத்தியசாலையொன்றின் நீரிழிவுக் கிளினிக்கில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வைத்தியராக இருந்தவன் என்ற முறையில், மற்றவற்றுக்கெல்லாம் முன்னர் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்த அலுமாரிப் பூட்டை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். கிளிக்கிளசைட் என்பது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. சாப்பாடு தாமதமானாலும், வழக்கத்தைவிடக் குறைந்தாலும், அன்றைக்கு நடை கூடினாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அதனால் இரத்தத்தில் குளுக்கோசு டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். திடீர் வியர்வை, கைநடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், பேச்சில் குழறல் ஆகியன அதன் அடையாளங்கள். அந்த நேரத்தில் அவருக்கு மருந்து மூன்று தேக்கரண்டிச் சீனி, தண்ணீரில் கரைத்து. பதினைந்து நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு தடவை; சரியானதும் ஏதாவது மாச்சாப்பாடு. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 சுவசெரிய அம்புலன்சை அழைக்க வேண்டும். இந்த வகை மருந்தினால் இறங்கிய சீனி சில மணித்தியாலங்களின் பின் மறுபடியும் இறங்கலாம் என்பதால், தெளிந்துவிட்டார் என்று அன்றிரவு அவரைத் தனியே படுக்க விடக்கூடாது. அம்மா திறப்பைத் தேடிக்கொண்டிருக்கும் ஐந்து நிமிடம் இங்கே பெரிய நேரம். கடையில் நிற்கும் பையனுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். மேசை லாச்சியில் ஒரு குளுக்கோசுப் பைக்கற்று கிடக்கட்டும்.

இனி, 118க்கும் 9.2க்கும் வருவோம். வெறும்வயிற்றுப் பரிசோதனை காட்டுவது அந்தக் காலைப்பொழுதை மட்டும். எச்பிஏ1சி காட்டுவது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியை, 9.2 என்றால் நாள் முழுவதற்குமான சராசரி ஏறக்குறைய 217 மில்லிகிராம் என்று பொருள். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னர் பத்தியமாக இருப்பது கிளினிக்குக்கு வரும் பலருடைய பழக்கம். பரீட்சைக்கு முதல்நாள் படிப்பதைப் போன்றது அது. ஆனால் அப்பா ஏமாற்றுகிறார் என்று இதை வைத்து முடிவுகட்டிவிடாதீர்கள். காலையில் ஒழுங்காக இருந்து, சாப்பாட்டுக்குப் பின் மட்டும் வெகுவாக ஏறும் உடல்களும் உண்டு. இரும்புச்சத்துக் குறைபாட்டுச் சோகையும் எச்பிஏ1சியைச் சற்றுக் கூட்டிக் காட்டும். குளுக்கோமீற்றர் இருந்தால், பகல் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் கழித்து வாரத்தில் இரண்டு நாள் அவரே பார்த்து, அவரே ஒரு கொப்பியில் எழுதட்டும். அந்தக் கொப்பியை அவர் காட்டினாலொழிய நீங்கள் திறக்க வேண்டாம்.

கடைசி வசனத்தைப் படித்து நீங்கள் முகம் சுளித்திருக்கலாம். ஆனால் உங்கள் கேள்வியின் சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. கிளினிக்குக்கு வந்த ஒரு தம்பதியை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கணவரிடம் நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் மனைவியே பதில் சொன்னார். காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு இடியப்பம்தான் டொக்டர், அதுக்கு மேல நான் போடமாட்டன்" என்றார் மனைவி. கணவர் சுவரில் தொங்கிய கண்பரிசோதனை அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துத் துண்டை எடுத்துக்கொண்டு மனைவி வரிசைக்குப் போனதும், கதிரையைச் சற்று முன்னுக்கு இழுத்து, அவர் மெதுவாகச் சொன்னார்: "வீட்டில ரெண்டு, பஸ் எடுக்க முதல் சந்திக் கடையில நாலு." சொல்லும்போது சிரிக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை, நாளில் தனக்கென்று மிஞ்சியிருந்த ஒரேயொரு இடத்தைப் பற்றிச் சொல்பவர்போல் இருந்தார்.

இந்த வகைக் கவனிப்புக்கு நோயாளர்களிடையே "நீரிழிவுப் பொலிஸ்" என்று ஒரு பெயர் உண்டு. அன்பில் குறை வைத்தவர்கள் யாரும் அந்த உத்தியோகத்துக்கு வருவதில்லை, பயத்தினால் வருகிறார்கள். ஆனால் தட்டை எண்ணிப் பார்ப்பவர் ஒருவர் எதிரே இருந்தால், சாப்பிடுபவர் தன் பசியையும் தன் நோயையும் கவனிப்பதை விட்டுவிட்டு அந்தக் கண்ணிலிருந்து தப்புவதைக் கவனிக்கத் தொடங்குகிறார். பிறகு ஒளிவுமறைவு, பிடிபடுதல், ஏச்சு, அதற்குப் பின் ஆத்திரத்தில் இன்னும் ஒன்று என்று அது வளர்கிறது. உடம்பைப் பற்றிய பகிடியும் இப்படித்தான். "வண்டியைப் பாருங்கோ" என்று விருந்தினர் முன்னால் சொல்லப்படும் சொல் ஒருவரை நடக்க வைத்ததை நான் கண்டதில்லை; ஓரமாக இருந்து சாப்பிட வைத்ததைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே ஓர் அமைதியான நேரத்தில், சாப்பாட்டு மேசையில் அல்லாமல், அப்பாவிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இந்த வருத்தத்தில் உங்களுக்கு எது மிகவும் கஷ்டமாக இருக்கிறது என்பது ஒன்று. அதில் நாங்கள் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யாமல் விட வேண்டும் என்பது மற்றையது. "நான் சாப்பிடும்போது தட்டைப் பார்க்காதேங்கோ" என்பதுதான் அவருடைய பதிலாக இருந்தாலும் இரண்டு கிழமைக்கு அதை மதித்து நடந்து பாருங்கள். அம்மாவுக்கு இது மிகவும் கடினமாக இருக்கும் என்பதால் அவருக்குச் செய்வதற்கு வேறொரு வேலை வேண்டும்; அந்த வேலை சமையலறையில் நிறையவே இருக்கிறது.

தனிச் சமையலை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்று மாற்றுவதே நான் முதலில் சொல்வது. மற்றவர்கள் பால்ச்சொதியும் பொரியலும் உண்ணும்போது ஒருவர் மட்டும் அவித்த பாகற்காயோடு இருப்பது மருந்தாகாது, தண்டனையாகத்தான் படும். நம்முடைய வீடுகளில் காலையும் இரவும் மாச்சாப்பாட்டிலேயே போய்விடுகின்றன: இடியப்பம், புட்டு, பாண், அதோடு சம்பலும் சொதியும். மரக்கறி என்பது பகல் சோற்றுக்கு மட்டும் உரிய ஒன்றாகிவிட்டது. எவருடைய தட்டிலும் பாதியை மரக்கறியும் கீரையும், காற்பங்கை மீன், முட்டை, பருப்பு, கடலை போன்றவையும், எஞ்சிய காற்பங்கை மட்டும் சோறோ புட்டோ நிரப்பினால், எதையும் நிறுத்தாமலேயே மாச்சத்தின் அளவு இறங்கிவிடும். புட்டை விடச் சொல்லவில்லை. புட்டுக்குப் பக்கத்தில் அவித்த கடலையும் வல்லாரைச் சம்பலும் வந்தால் புட்டுத் தானாகக் குறையும். பொன்னாங்காணி, நெத்தலி, சூடை போன்றவை விலையிலும் பெரிதாகக் கடிக்காதவை.

குரக்கனைப் பற்றி ஒரு வார்த்தை. குரக்கன் புட்டு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்றொரு நம்பிக்கை கொழும்பில் பரவலாக இருக்கிறது. குரக்கனில் நார்ச்சத்துக் கூடுதல் என்பது உண்மை. ஆனால் மாச்சத்து அரிசி மாவிலிருந்து பெரிதும் குறைந்ததல்ல. இரண்டு நீத்துப்பெட்டி குரக்கன் புட்டைவிட ஒரு நீத்துப்பெட்டி அரிசிமாப் புட்டு மேல்.

சீனியைக் குறைப்பதில் தேநீரைத்தான் நான் முதலாவதாகத் தொடுவேன், ஏனென்றால் அதில் கணக்கு எளிது. கோப்பைக்கு மூன்று தேக்கரண்டிச் சீனி, நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் பதினைந்து தேக்கரண்டி. கரண்டிக்கு 4 கிராம் வைத்தாலும் 60 கிராம் சீனி, அதாவது 240 கலோரி, அதுவும் வயிறு நிறைந்த உணர்வு எதையும் தராமல். ஒரேயடியாக நிறுத்தினால் யாருக்கும் எரிச்சல் வரும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அரைக் கரண்டி வீதம் வீட்டில் எல்லோருமே குறைத்துக்கொண்டு வந்தால் நாக்கு பழகிவிடும். போத்தல் குளிர்பானங்களுக்கு 2016 முதல் இந்நாட்டில் நிற அடையாளம் உண்டு: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழ் பச்சை. வாங்கும் இடத்திலேயே அந்த வட்டத்தைப் பார்த்து, சிவப்பை வீட்டுக்குக் கொண்டுவராமல் விடுவது ஒருவரையும் நோகடிக்காத கட்டுப்பாடு. அதே வட்டத்தைப் பேரப்பிள்ளை மேசையில் வைத்துத் தாத்தாவுக்குச் சுட்டிக்காட்டத் தொடங்கினால், வீட்டில் இன்னொரு பொலிஸ் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த மாற்றம் அப்பாவுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். இரண்டாம் வகை நீரிழிவு குடும்பங்களில் தொடர்வது. உங்களுக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். 2005–2006 காலப்பகுதியில் நடந்த நாடளாவிய ஆய்வில், இலங்கையின் வயதுவந்தோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருந்தது; நீரிழிவு இருந்தவர்களில் மூன்றிலொரு பங்கினர் அதை அறியாமலே இருந்தனர். முந்திய நிலையில் உள்ளவர்கள் உணவையும் நடையையும் மாற்றி நிறையில் 7 வீதத்தைக் குறைக்க முயன்றபோது, நீரிழிவாக மாறும் வாய்ப்பு 58 வீதத்தால் குறைந்ததை 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் மெற்போமின் குறைத்தது 31 வீதம். அரசின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இலவசமாகவே பரிசோதிக்கலாம். அம்மாவையும் அழைத்துக்கொண்டு நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். "நாங்களும் பார்த்தோம்" என்று சொல்லும்போது அப்பா வீட்டிலுள்ள ஒரே நோயாளியாக இருக்க வேண்டியதில்லை.

அப்பாவின் நிறை பற்றி: அவருடைய உடற்றிணிவுச் சுட்டி ஏறக்குறைய 33. ஆசியர்களுக்கு 23க்கு மேலேயே ஆபத்து ஏறத் தொடங்குகிறது, 27.5க்கு மேல் அதிக ஆபத்து என்பது உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரைத் தாண்டினாலும் அதே எச்சரிக்கை. ஆனால் 94 கிலோவிலிருந்து 65க்கு வா என்று சொன்னால் எவரும் மூன்றாம் நாளே கைவிடுவார்கள். முதல் இலக்கு 5 வீதம், அதாவது ஐந்து கிலோவுக்கும் சற்றுக் குறைவு. அந்த அளவிலேயே சீனியும் இரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும். நிறையைக் குறைத்து நீரிழிவையே தணித்ததாக நீங்கள் படித்திருக்கலாம். பிரித்தானியாவில் நடந்த அந்த ஆய்வு நோய் கண்டு ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்டவர்களிடம் நடத்தப்பட்டது. ஒன்பது ஆண்டு கடந்தவருக்கு அதை வாக்குறுதியாகக் கொடுக்க மாட்டேன். மருந்தின் அளவு குறையலாம் என்று சொல்வதில் தவறில்லை. அதற்காகவே, சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்குமுன் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். கிளிக்கிளசைட்டின் அளவை அதற்கேற்ப மாற்ற வேண்டி வரும்.

இப்போது நண்பர்கள். மாலை நான்கு மணிக்குப் புறக்கோட்டையில் கடைக்காரர்கள் நாலைந்து பேர் கூடி, ரோல்சும் வடையும் பால்தேநீருமாக அரைமணி நேரம் நிற்பது அப்பாவின் வழக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அரைமணி நேரத்தை அவரிடமிருந்து பறிக்க முயல வேண்டாம். கடனும் வியாபாரமும் பேசித் தீர்ப்பது அங்கேதான், சிரிப்பதும் அங்கேதான். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 12,067 பேரை 1971 முதல் 2003 வரை தொடர்ந்த தரவுகளை வைத்து 2007இல் ஓர் ஆய்வு வெளிவந்தது: நண்பர் ஒருவர் பருத்தால் மற்றவர் பருக்கும் வாய்ப்பு 57 வீதத்தாலும், உடன்பிறந்தவர் பருத்தால் 40 வீதத்தாலும், வாழ்க்கைத்துணை பருத்தால் 37 வீதத்தாலும் கூடியதாக அது கண்டது. ஒத்த பழக்கமுள்ளவர்களே நண்பர்களாகிறார்கள், அதனால் இந்த எண்களை அப்படியே நம்ப முடியாது என்று வாதிட்டவர்களும் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் மனைவியைவிட நண்பருடைய பங்கு கூடுதலாக வந்தது எனக்கு வியப்பளிக்கவில்லை. ஒரு மனிதர் எவ்வளவு சாப்பிடுவது சாதாரணம் என்பதைக் கூட நிற்பவர்களைப் பார்த்துத்தான் முடிவுசெய்கிறார்.

அவர்களிடம் சொல்லலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: அவருக்குத் தெரியாமல் சொல்லவே கூடாது. நோய் அவருடையது, அதை யாரிடம் சொல்வது என்பதும் அவருடையது. நண்பர்களில் ஒருவரை அவரே தெரிந்தெடுத்து அவரே சொல்லட்டும். ஒருவர் போதும். அந்த ஒருவர் "எல்லாருக்கும் சீனி இல்லாத பிளேன்ரீ" என்று சொல்லிவிட்டால் அப்பா தனித்துத் தெரிய மாட்டார். ரோல்சை இரண்டாக வெட்டிப் பங்கிடலாம். சில நாள் கடலைச் சுண்டல் வாங்கலாம். சீனி இறங்கினால் என்ன செய்வது என்பதும் அந்த நண்பருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், குறிப்பாக இடைக்கிடை ஒன்றுகூடிக் குடிக்கும் பழக்கம் இருந்தால். வெறும்வயிற்றில் மதுவும் கிளிக்கிளசைட்டும் சேரும்போது சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். சுற்றியிருப்பவர்கள் அதை வெறி என்று நினைத்து உறங்க விட்டுவிடுவார்கள்.

நடைக்கும் துணை இருந்தால் மட்டுமே அது மூன்றாம் கிழமையைத் தாண்டும். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அதே நண்பரோடு சுதந்திர சதுக்கத்திலோ காலிமுகத்திடலிலோ நடக்கலாம். மற்ற நாட்களில் இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு நீங்களும் அவரும் மரைன் டிரைவில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்து வாருங்கள். உண்டபின் நடக்கும் நடை, அந்த வேளையின் குளுக்கோசு ஏற்றத்தைத் தணிக்கும். நடக்கும்போது நோயைப் பற்றிப் பேச வேண்டாம்.

வீட்டார் மட்டுமே செய்யக்கூடிய உதவிகளும் சில இருக்கின்றன. பருத்த உடம்புள்ள ஒருவர் குனிந்து தன் உள்ளங்காலைப் பார்ப்பது எளிதல்ல. படுக்குமுன் அம்மா ஒரு நிமிடம் அவருடைய பாதங்களையும் விரலிடுக்குகளையும் பார்த்து, வெடிப்போ கொப்புளமோ இருந்தால் சொல்லலாம். நரம்பு மரத்த காலுக்குச் சூடு தெரியாது. மத்தியானப் பூசைக்குப் போய் வெயிலில் காய்ந்த வெளிவீதியைச் செருப்பில்லாமல் சுற்றி, வீடு வந்து சேரும்வரை உணராமல், உள்ளங்கால் முழுதும் கொப்புளத்தோடு வந்தவர்களுக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன். காலைப் பூசைக்குப் போவது நல்லது. அதேபோல் உரத்த குறட்டை இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு மறுபடி தொடங்குகிறதா என்பது அம்மாவுக்கு மட்டுமே தெரியும். அப்படியானால் கட்டாயம் வைத்தியரிடம் சொல்ல வேண்டும், உடற்பருமனோடு சேர்ந்து வரும் உறக்கநிலை மூச்சுத்தடை சிகிச்சைக்குரியது.

உறவினர்களின் ஆலோசனை வேறொரு வகை உதவி. தெபு இலை, பாகற்காய்ச் சாறு, கோதல ஹிம்புட்டு என்னும் மூலிகைக் கட்டையில் கடைந்த கோப்பை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். சொல்பவர்களைப் பகைக்க வேண்டியதில்லை. ஆனால் இவற்றுக்காகக் குளிசையை நிறுத்துவதும், குளிசையோடு சேர்த்து வைத்தியருக்குத் தெரியாமல் எடுப்பதும் ஆபத்து. இன்சுலின் ஏற்றினால் கடைசிக் கட்டம் என்ற பேச்சையும் வீட்டுக்குள் விடாதீர்கள். அந்தப் பயத்தினாலேயே தேவையானபோது அதை மறுத்துக் கண்ணையும் சிறுநீரகத்தையும் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கலியாண வீட்டில் "ஒரு நாள்தானே" என்று பயற்றம்பணியாரத்தை நீட்டும் மாமிக்கு என்ன பதில் சொல்வது என்பதை அப்பாவே தீர்மானிக்கட்டும். ஒன்று எடுத்து ஆறுதலாகச் சாப்பிட்டாரானால், நீங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருங்கள்.

அடுத்த கிளினிக்குக்கு அம்மாவும் கூடப் போகட்டும், ஆனால் ஓர் ஒப்பந்தத்தோடு. கண்ணின் விழித்திரைப் பரிசோதனையும் சிறுநீரில் அல்புமின் பரிசோதனையும் கடைசியாக எப்போது நடந்தன என்பதை அம்மா குறித்துக்கொண்டு போகட்டும்; அவை ஆண்டுக்கொருமுறை நடக்க வேண்டியவை, அப்பா மறந்திருப்பார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் அப்பாதான் பதில் சொல்ல வேண்டும். அவர் நான்கு மணி ரோல்சைப் பற்றித் தன் வாயாலேயே சொன்னால், வீடு வந்தபின் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது.